நீல மிங்க்கும் அலூசியன் நோயும்: மரபா, தொற்றா?

1941இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு மிங்க் பண்ணையில் புதிய நிறம் ஒன்று தலைகாட்டியது. வழக்கமான கரும்பழுப்பு இல்லை. எஃகின் மேல் நீலம் படிந்தது போன்ற சாம்பல். அலூசியன் தீவுகளின் நீல நரியை நினைவூட்டியதால் அந்த நிறத்துக்கு அலூசியன் என்றே பெயர் வைத்தார்கள். மிங்க் நீர்நாய்க்கு உறவான, ஏறக்குறைய கீரி அளவுள்ள ஊனுண்ணி. அதைப் பண்ணையில் வளர்ப்பது தோலுக்காக மட்டுமே. புதிய நிறம் வந்தால் ஏலத்தில் அதற்குத் தனி விலை.

இந்த நிறம் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் தோலில் தெரியும். ஆகவே நிறத்தை நிலைநிறுத்த, அதே வம்சத்துக்குள்ளேயே இணைசேர்க்க வேண்டியிருந்தது. அலூசியனை வெள்ளிநீல மிங்க்கோடு சேர்த்து சஃபையர் வகையை உருவாக்கினார்கள். மூன்றாவதாக இன்னொரு நிற மரபணுவையும் ஏற்றி வயலெட் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் அலூசியன் மரபணு இரட்டைப் பிரதியாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த நீல வம்சங்களில்தான் சாவு தொடங்கியது. விஸ்கான்சினில் மிங்க் பண்ணைகளைப் பார்த்துவந்த கால்நடை மருத்துவர் ஹார்ட்சோவும், வாஷிங்டன் மாநிலம் புல்மனில் பணியாற்றிய ஜான் கோரமும் 1956இல் இதை ஒரு தனி நோயாக விவரித்து எழுதினார்கள். செத்தவை பெரும்பாலும் அலூசியன் நிறத்தவை என்பதால் நோய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பண்ணைக்காரர்கள் எளிய முடிவுக்கு வந்தார்கள்: நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்ததால் வந்த கோளாறு, ரத்தத்திலேயே இருக்கிறது. அந்த முடிவு எந்த அளவுக்குச் சரி, எங்கே தவறியது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

கூண்டிலும் மேசையிலும் தெரிந்தது

நோய் திடீரென்று வருவதில்லை. நன்றாகத் தின்கிற மிங்க் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். தாகம் மட்டும் அடங்காது. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராது, பனிக்காலத்தில் உறைந்த கிண்ணத்தின் பனிக்கட்டியை நக்கிக்கொண்டே கிடக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும், சிலவற்றில் வாய்க்குள் ரத்தக் கசிவு இருக்கும். கூண்டுக்கு அடியில் விழும் சாணம் தார் போலக் கறுத்திருக்கும். குடலுக்குள் கசிந்த ரத்தம் செரித்து வெளிவருவதன் அடையாளம் அது.

ஆனால் பண்ணைக்காரர் முதலில் கவனிப்பது இவை எதையும் இல்லை. மார்ச்சில் இணைசேர்த்த பெட்டைகள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஈனும். அந்தக் கணக்கேட்டில் வெறுமனே நின்றுவிட்ட பெட்டைகள் அதிகமாகும், ஈன்றவற்றிலும் குட்டிகள் குறையும். நோய் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டதற்கு அதுதான் முதல் தடயம்.

பிரேதப் பரிசோதனையில் படம் தெளிவாகும். மண்ணீரல் பல மடங்கு வீங்கியிருக்கும். நிணநீர் முடிச்சுகள் பெருத்திருக்கும். சிறுநீரகம் தொடக்கத்தில் வீங்கி வெளுத்து, ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகளோடு இருக்கும். நாட்பட்டதில் சுருங்கி, மேற்பரப்பு குழிகுழியாகிவிடும். திசுவை நுண்ணோக்கியில் வைத்தால் எங்கு பார்த்தாலும் பிளாஸ்மா செல்கள். எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்கள் இவை. சிறுநீரகத்தில், கல்லீரலில், ரத்தக் குழாய்களைச் சுற்றி என்று இருக்கக் கூடாத அளவில் குவிந்து கிடக்கும். நடுத்தரத் தமனிகளின் சுவர் அழற்சியால் சிதைந்திருக்கும்.

ரத்தத்தை ஆராய்ந்தபோது காமா குளோபுலின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எதிர்ப்பொருள்கள் எல்லாம் இந்தப் புரத வகையைச் சேர்ந்தவை. முற்றிய நிலையில் ஊநீரில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில் உள்ள புரதத்தில், பாதிக்கு மேல்கூட இதுவே இருக்கும். உடல் எதையோ எதிர்த்து வெறிகொண்டு போராடுகிறது என்பது புரிந்தது. எதை எதிர்த்து என்பதுதான் புரியவில்லை.

மரபு என்றவர்கள் சொன்னதில் பாதி உண்மை

நீல மிங்க்கின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கு, நோய் வராத, ஆரோக்கியமான விலங்கிலேயே ஒரு வினோதம் கண்ணில் பட்டது. வெள்ளணுக்களுக்குள் பெரிய பெரிய துகள்கள். இதே காட்சியை மனிதர்களில் ஏற்கெனவே இருவர் விவரித்திருந்தார்கள்: கியூபாவின் செடியாக் 1952இல், ஜப்பானின் ஹிகாஷி 1954இல். அந்தக் குழந்தைகளுக்குத் தலைமுடி வெள்ளி கலந்த வெளிர் நிறத்தில் இருக்கும், அடிக்கடி சீழ்த் தொற்று வரும், ரத்தம் எளிதில் நிற்காது, பலர் சிறு வயதிலேயே இறந்துவிடுவார்கள். 1960களின் முதல் பாதியில் லீடர், பாட்ஜெட், கோரம் ஆகியோர் அலூசியன் மிங்க்கும் இந்தக் குழந்தைகளும் ஒரே கோளாறைச் சுமக்கிறார்கள் என்று காட்டினார்கள். ஹியர்ஃபோர்டு மாடுகளிலும் அதுவே இருந்தது.

கோளாறு இருப்பது செல்லுக்குள் சிறு பைகளை வகைபிரித்து அனுப்பும் ஏற்பாட்டில். நிறமிப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடுவதால் மயிரில் நிறம் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகத் தேங்குகிறது. நம் கண்ணுக்கு அது நீலச் சாம்பலாகத் தெரிகிறது. அதே குறை வெள்ளணுவில் நேரும்போது, கிருமியை விழுங்கிய செல்லால் அதைச் செரிக்கும் நொதிகளை நேரத்துக்கு அனுப்ப முடிவதில்லை. ரத்தத் தட்டணுவில் நேரும்போது ரத்தக் கசிவு நிற்க நேரமாகிறது. ஆக, தோல் மேலங்கிக்கு அழகு தந்த நிறமும் விலங்கின் பலவீனமும் ஒரே மரபணுவின் இரண்டு முகங்கள். மனிதரில் அந்த மரபணு 1996இல் அடையாளம் காணப்பட்டது. மிங்க்கில் அதே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டதுதான் காரணம் என்பது 2013இல் வெளியானது.

எனவே மரபுக் கோளாறு என்று சொன்ன பண்ணைக்காரர்கள் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யவில்லை. விலங்கில் மரபுக் கோளாறு நிஜமாகவே இருந்தது. கொன்றது மட்டும் அதுவன்று.

தொற்று

இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, கரும்பழுப்பு மிங்க்குகளும் இதே நோயில் செத்தன. அவை மெதுவாகச் செத்தன, எல்லாமும் சாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு, நோயுற்ற விலங்கின் திசுவை ஆரோக்கியமான விலங்குக்குச் செலுத்தினால் நோய் தொற்றியது. 1962இல் கனடாவின் குவெல்ஃப் நகரில் கார்ஸ்டாட், பிரிட்ஹாம் இருவரும் செல்களை அகற்றிய வடிநீரிலிருந்தே நோயைக் கடத்திக் காட்டி, வைரஸ்தான் காரணம் என்றார்கள்.

பின்னர் அதைப் பார்வோவைரஸ் குடும்பத்தில் சேர்த்தார்கள். நம் ஊரில் நாய் வளர்ப்பவர்கள் பயந்து சொல்லும் ‘பார்வோ’வுக்குத் தூரத்து உறவு. மிகச் சிறியது, ஒற்றை இழை டிஎன்ஏ, மேலே கொழுப்புறை கிடையாது. கொழுப்புறை இல்லாததால் சோப்போ ஈதரோ இதை அசைப்பதில்லை; மற்ற வைரஸ்களைச் சுலபமாகக் கொல்லும் நீர்த்த ஃபார்மலினிலேயே நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கூண்டுக் கம்பியில், கூடுபெட்டி வைக்கோலில், கொட்டகை மண்ணில் நெடுநாள் கிடக்கும். எச்சில், சிறுநீர், சாணம், ரத்தம் எல்லாவற்றிலும் வெளியேறும். தாயின் கருப்பையிலேயே குட்டிக்குப் போகும். இணைசேரும்போது ஆண் மிங்க் பெட்டையின் பிடரியைக் கவ்விப் பிடிக்கும். அந்தக் கடி ஒரு வழி. விலங்கைப் பிடிக்கும் தடித்த தோல் கையுறையைக் கூண்டுக்குக் கூண்டு மாற்றாமல் போட்டுக்கொண்டு போவது இன்னொரு வழி.

நிறத்தின் பங்கை எடுத்துக்காட்ட ஆய்வகங்களுக்கு இரண்டு வைரஸ் வகைகள் உதவின. யூட்டா வகையைச் செலுத்தினால் எந்த நிற மிங்க்கும் நோயில் விழும். புல்மன் வகை அலூசியன் மரபினவற்றைக் கொல்லும். மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். மரபா, தொற்றா என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் இதுதான். வைரஸ் இல்லாமல் நோய் இல்லை; ஆனால் வைரஸ் யாரை எவ்வளவு சீக்கிரம் வீழ்த்தும் என்பதை நிற மரபணு முடிவு செய்கிறது. எனக்குத் தோன்றுவது: கரும்பழுப்பு மிங்க்குகளில் இந்த வைரஸ் ஏற்கெனவே சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நீல மிங்க் அதை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. காட்டு மிங்க், ரக்கூன், ஸ்கங்க், வீட்டில் வளர்க்கும் ஃபெரெட் என்று பல இனங்களில் பிற்பாடு இதன் தடயம் கிடைத்தது அந்த ஊகத்துக்கு வலுச் சேர்க்கிறது.

எதிர்ப்பொருளே எதிரி

இந்த வழக்கின் மிகச் சிக்கலான, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

போர்ட்டரும் லார்சனும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றிய 10 நாளுக்குள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் வைரஸ் உச்சத்தைத் தொடுகிறது என்று கண்டார்கள். அந்தக் கட்டத்தில் விலங்கு கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கிறது. பிறகு எதிர்ப்பொருள் எழுகிறது, வைரஸின் அளவு இறங்குகிறது. நோய் அப்போதுதான் தொடங்குகிறது. எதிர்ப்பொருள் வைரஸைப் பிடிக்கிறது, ஆனால் செயலிழக்க வைப்பதில்லை. பிடித்த எதிர்ப்பொருளும் பிடிபட்ட வைரஸும் கட்டிக்கொண்டபடியே ரத்தத்தில் சுற்றுகின்றன. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளிலும் தமனிச் சுவரிலும் அந்தக் கட்டுகள் போய்ப் படிகின்றன. படிந்த இடத்தில் அழற்சி, அழற்சியால் அழிவு. தாகமும் இளைப்பும் சாவும் அதன் பின்விளைவுகள். போதாக்குறைக்கு, எதிர்ப்பொருள் ஒட்டிய வைரஸை, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் விருப்பத்தோடு உள்ளிழுக்கின்றன. வைரஸ் குடியிருப்பதும் அந்தச் செல்களில்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் தடுப்பூசி ஏன் எடுபடவில்லை என்பது விளங்கும். 1972இல் போர்ட்டர் குழுவினர் செயலிழக்கவைத்த வைரஸைத் தடுப்பூசியாகப் போட்டுவிட்டு, பிறகு வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். பாதுகாப்புக் கிடைக்கவில்லை, திசுச் சிதைவு கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே தொற்றிய மிங்க்குக்கு வெளியிலிருந்து எதிர்ப்பொருளை ஏற்றினாலும் அதே கதி. அதே ஆண்டுகளில் கோரம் இடம்பெற்ற குழு எதிர்த்திசையில் முயன்றது. நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்தைக் கொடுத்தார்கள். வைரஸ் போகவில்லை, ஆனால் சிறுநீரகம் தப்பியது. தடுப்பூசி போட்டால் கேடு, எதிர்ப்பை அடக்கினால் நன்மை என்று கால்நடை மருத்துவப் பாடம் தலைகீழாகிப்போன நோய்கள் அதிகம் கிடையாது.

இந்தத் தலைகீழ் பாடத்துக்கும் ஒரு விதிவிலக்கு 1980களில் டென்மார்க்கிலிருந்து வந்தது. பிறந்த சில வாரங்களில் குட்டிகள் மூச்சுத்திணறிச் செத்தன. நுரையீரல் நிறைய வைரஸ், கடும் நிமோனியா. பெரிய விலங்கில் மாதக்கணக்கில் மெதுவாக எரியும் அதே வைரஸ், குட்டியின் நுரையீரல் செல்களில் கட்டுக்கடங்காமல் பெருகிச் சில நாளில் கொல்கிறது. இந்தச் சாவு யாருக்கு வந்தது? தாயிடமிருந்து எதிர்ப்பொருள் கிடைக்காத குட்டிகளுக்கு. தொற்றுள்ள தாயின் குட்டிகள் தாய் கொடுத்த எதிர்ப்பொருளால் நிமோனியாவிலிருந்து பிழைத்தன. பிழைத்தவை வளர்ந்து நாட்பட்ட நோயில் விழுந்தன. ஆய்வகத்தில் புதுக்குட்டிகளுக்கு எதிர்ப்பொருளை ஊசியாகப் போட்டபோதும் நிமோனியாச் சாவு குறைந்தது. அலூசியன் மரபு இல்லாத குட்டிகளும் நிமோனியாவில் தப்பவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த வயதில் நிறம் பெரிய வித்தியாசம் செய்வதில்லை.

நகத்து நுனியில் ஒரு துளி ரத்தம்

மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை என்றால் மிஞ்சுவது ஒரே வழி: தொற்றியவற்றைக் கண்டுபிடித்து அகற்றுவது. தொடக்கத்தில் அயோடின் சோதனை செய்தார்கள். ஊநீர்த் துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு அயோடின் கரைசலைக் கலப்பார்கள். காமா குளோபுலின் அதிகமிருந்தால் கரும்பழுப்புத் திரிகள் திரளும். காலா அசார் நோயாளியின் ஊநீரில் ஃபார்மலின் விட்டால் கட்டியாக உறைந்துவிடும் என்று நம் மருத்துவ மாணவர்கள் படித்திருப்பார்களே, அதற்கு அடிப்படையும் காமா குளோபுலின் பெருக்கம்தான். ஓசியில் முடிந்துவிடும் சோதனை. ஆனால் குளோபுலின் ஏறியபிறகே காட்டும். அதற்குள் அந்த விலங்கு பக்கத்துக் கூண்டுகளுக்கு வைரஸைப் பரப்பியிருக்கும். வேறு நோயில் குளோபுலின் ஏறியிருந்தாலும் திரளும்.

1972இல் சோ, இங்கிரம் என்ற இருவர் வடிவமைத்த எதிர்மின்னோட்டச் சோதனை நிலைமையை மாற்றியது. கூழ்மத் தகட்டில் எதிரெதிரே இரண்டு குழிகள். ஒன்றில் வைரஸ் புரதம், மற்றதில் மிங்க்கின் ஊநீர். மின்சாரத்தை விட்டால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகரும். எதிர்ப்பொருள் இருந்தால் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். தொற்றிய ஓரிரு வாரத்திலேயே கோடு தெரியும். மாதிரி எடுப்பதும் எளிது. ஒருவர் மிங்க்கைப் பிடித்துப் பின்னங்காலை நீட்டிக் காட்டுவார். மற்றவர் ஒரு விரல் நகத்தின் நுனியை வெட்டி, கசியும் ரத்தத்தை மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் ஏற்றி, கூண்டு எண்ணோடு தட்டில் செருகுவார். இனப்பெருக்கத்துக்கு எவற்றை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் காலத்திலும், இணைசேர்க்கும் மார்ச்சுக்கு முன்னும் ஆயிரக்கணக்கான கூண்டுகளில் இதே வேலை நடக்கும்.

டென்மார்க் 1976இல் இதை நாடு தழுவிய திட்டமாகத் தொடங்கியது. அப்போது ஏறக்குறைய எல்லாப் பண்ணைகளிலும் வைரஸ் இருந்தது. கால் நூற்றாண்டில் பெரும்பாலான பண்ணைகள் சுத்தமாயின. மிச்சம் பெரும்பாலும் வடக்கு யூட்லாந்தில் சுருண்டது. அங்கே பண்ணைகள் நெருக்கம், தப்பியோடி வெளியில் வாழும் மிங்க்குகளும் உண்டு. விலங்குகளை அகற்றி மண்ணைக் கிளறிக் காஸ்டிக் சோடா அடித்துவிட்டுப் புதியவற்றைக் கொண்டுவந்தாலும் நோய் திரும்பியது. 2015இல் சுத்தமான பண்ணைகள் பலவற்றில் மறுபடி வெடித்தபோது, வைரஸின் மரபு வரிசையைப் படித்துப் பரவிய வழியைத் தேடினார்கள்.

இந்தத் திட்டத்தை முடித்துவைத்தது வேறொரு வைரஸ். மிங்க்குகளில் மாற்றமடைந்த கொரோனா வைரஸ் மனிதருக்குத் திரும்பியதைக் கண்ட டென்மார்க் அரசு, 2020 நவம்பர் 4 அன்று நாட்டின் எல்லா மிங்க்குகளையும் கொல்லப்போவதாக அறிவித்தது. 1.5 கோடிக்கு மேல். நோயில்லாத பண்ணைகளையும் அழிக்கச் சொல்லும் சட்ட அதிகாரம் அரசுக்கு இல்லை என்பது பின்னால் தெரியவந்து, துறை அமைச்சர் பதவி விலகினார். 2022 முடிவு வரை மிங்க் வளர்ப்புக்கே தடை. நாற்பது ஆண்டுகளாக நகத்துளி ரத்தத்தில் கட்டிக்காத்த சுத்தமான மந்தைகளும் அந்த அழிப்பில்தான் போயின.

மனிதரைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. 2009இல் டென்மார்க் மருத்துவர்கள், ரத்தக் குழாய் நோயோடு வந்த மிங்க் பண்ணையாளர்கள் இருவரிடம் இந்த வைரஸின் தடயத்தைக் கண்டதாக எழுதினார்கள். இரண்டு பேரை வைத்து நான் முடிவு எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் மிங்க்கிலும் தமனிச் சுவர்தான் சிதைகிறது என்பதால் அந்த அறிக்கையை ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை.

பிழை எதிர்ப்பக்கமாகவும் நேரும்

தொற்றை மரபு என்று நினைத்தது அலூசியன் நோயின் கதை. மரபைத் தொற்று என்று நினைத்ததற்கும் மிங்க் பண்ணையிலேயே சான்று இருக்கிறது. கருநிற மிங்க் குட்டிகளுக்கு ஆறு, எட்டு வார வயதில் கண் பிசுபிசுத்து மூடும், கருவிழி மங்கும், பாதத்தில் புண் வரும். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் கண்முன் வந்து நிற்கும். வைரஸைத் தேடினால் கிடைக்காது. அதனால் போலி டிஸ்டெம்பர் என்றார்கள். டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் ஒரு கல்லீரல் நொதி பிறவியிலேயே குறைவு; தேங்கிய டைரோசின் கருவிழியில் படிகமாகப் படிகிறது. இதுவும் ஒடுங்கு பண்பு, மனிதருக்கும் வருவது. இங்கே தீர்வு சுலபம். பாதிக்கப்பட்ட குட்டியின் தாய் தந்தை இரண்டையும், கூடப்பிறந்தவற்றையும் இனப்பெருக்கத்திலிருந்து நீக்கினால் போதும். கருமை நிறம் அப்படியே இருக்கும், நோய் போய்விடும்.

அலூசியனில் இந்த வழி செல்லாது. 2013க்குப் பிறகு மரபணுச் சோதனை கையில் இருக்கிறது. ஒற்றைப் பிரதியைச் சுமக்கும் கரும்பழுப்பு மிங்க்கைக்கூட அடையாளம் காணலாம். ஆனால் சஃபையர் தோலை வாங்குபவர் விலை கொடுப்பதே இரட்டைப் பிரதிக்கு. குறையை நீக்கினால் சரக்கும் போய்விடும். வெள்ளை நிறத்துக்காக வளர்க்கப்படும் ஹெட்லண்ட் மிங்க் பிறவிச் செவிடாக இருப்பதும் இதே வகைப் பேரம்தான்.

சுத்தம் செய்து களைத்துப்போன இடங்களில் இப்போது வேறொரு பாதையில் போகிறார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வைரஸ் பல பண்ணைகளில் வேரூன்றிவிட்டது. அங்குள்ள சில பண்ணையாளர்கள் தொற்றிய எல்லாவற்றையும் கொல்வதை நிறுத்திவிட்டு, தொற்றியும் குளோபுலின் ஏறாத, நிறையக் குட்டி ஈனும் விலங்குகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறார்கள். பழைய அயோடின் துளி அங்கே திரும்ப வேலைக்கு வந்திருக்கிறது: வைரஸ் இருக்கிறதா என்பதைவிட, அதற்கு உடல் எவ்வளவு பொங்குகிறது என்பதே இப்போதைய கேள்வி. அந்தப் பண்ணைக்குள் கணக்கு சரியாக வரலாம். ஆனால் பொங்காத மிங்க்கின் சிறுநீரிலும் சாணத்திலும் வைரஸ் வந்துகொண்டுதான் இருக்கும். பக்கத்தில் சுத்தமான மந்தையை வைத்திருப்பவர் இதற்கு ஒப்புக்கொள்வாரா? சஃபையர் வளர்ப்பவர் நிச்சயம் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருடைய கூண்டுகளுக்கு அந்தப் பொறுமை பிறப்பிலேயே கிடையாது.